உடலோடு உள்ளமும்

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், உப்பளங்களால் அறியப்படும் நெய்தல் நிலம். கோடை வெயிலில் பாத்திகளில் உப்பு வாரும் தொழிலாளர்க்கு, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடுகிறது, கூலியும் நின்றுவிடுகிறது. அக்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் ஒருவர் தலைவலி என்பார், உறக்கமில்லை என்பார், மனம் தளர்ந்துவிட்டது என்று சொல்லத் தயங்குவார். வலிக்கு மாத்திரை தந்து அனுப்புவது எளிது. உறக்கம் கெட்டு எத்தனை நாளாயிற்று, வீட்டில் என்ன கவலை என்று பொறுமையாகக் கேட்பதோ இரக்கத்தால் மட்டும் வருவதன்று; கற்றுப் பழக வேண்டிய திறன்.

அதனைக் கற்பிக்க இயலும் என்பதற்குத் தமிழகக் கடற்கரையே சான்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின், பெங்களூருவின் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல நிறுவனம், மனநல மருத்துவர் அல்லாத சமூகப் பணியாளர்க்கும் உளச்சமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது.

ஆயினும், பேரிடர் வந்தபின் தரும் பயிற்சி மட்டும் போதாது. அரசு மருத்துவ நிலையங்களின் மருத்துவ அலுவலர் அனைவரும் அடிப்படை மனநல மருத்துவப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். தொழிலாளியின் வீட்டுவாசலுக்குச் செல்பவரோ கிராம சுகாதார செவிலியர். மருந்தை எடுத்துத் தருபவர் மருந்தாளுநர். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, அருகிருந்து பேணுபவரையும் திருவள்ளுவர் வைத்தார். எனவே செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் பயில்வோர்க்கும் இப்பயிற்சி படிக்கும் காலத்திலேயே கிடைத்தல் வேண்டும். அது தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், நோயாளியின் அருகில் பழகும் பயிற்சியாக அமைதல் வேண்டும்.

பாடச்சுமை முன்பே மிகுதி என்பர் சிலர். இதற்குத் தனிப்பாடம் தேவையில்லை. எப்பிரிவில் பயிற்சி பெற்றாலும், உடல்நிலையை வினவும்போதே உறக்கத்தையும் கவலையையும் வினவவும், தம்மால் இயலாத நிலையில் உரியவரிடம் அனுப்பவும் மாணவர் பழகினால் போதும்.

பிறர் துயரை நாள்தோறும் காணும் மாணவரின் உள்ளமும் சோரும். இதனை உணர்ந்தே, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு மருத்துவ மாணவர்க்கென ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. இத்தகைய மன்றம் செவிலியர் முதலிய பிற துறை மாணவர்க்கும் தேவை. உதவி நாடுவதை இழுக்கெனக் கருதும் மாணவர், நாளை தம்மை நாடி வருவோரையும் அவ்வாறே கருதக்கூடும். தம் சோர்வைத் தயங்காமல் சொல்லப் பழகியவர்க்கே, பிறர் சொல்லாமல் விடுவதும் செவியில் விழும்.