காய்ச்சலா? சிரப்புக்கு முன்னால் சிறுநீரைப் பாருங்கள்



உங்களில் பலர் இப்போது அப்பா, அம்மா. சிலர் தாத்தா, பாட்டி. அதனால் இதைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

சளி இல்லை, இருமல் இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் கொதிக்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "பல் முளைக்குது", "மாந்தம்", "சூடு பிடிச்சிருக்கு". போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பை ஊற்றுகிறோம். காய்ச்சல் விட்டதும் நமக்கு நிம்மதி. ஆனால் அது சிறுநீர்த் தொற்றாக இருந்திருந்தால்? தொற்று முழுதாகப் போகாமலே, தடயம் மட்டும் அழிந்துபோயிருக்கும்.

சிறுநீர் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்க வேண்டும்; திரும்பி மேலே ஏறக் கூடாது. சில குழந்தைகளுக்குக் குழாயும் பையும் சேரும் இடம் பிறவியிலேயே சரியாக மூடுவதில்லை. சிறுநீர் பின்னோக்கி ஏறும். கிருமி இருந்தால் அதுவும் ஏறும். இதற்கு 'ரிஃப்ளக்ஸ்' என்று பெயர். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. இதில் 5 நிலைகள் உண்டு. லேசானவை பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகிவிடும். ஆனால் கவனிக்காமல் விட்ட தொற்று சிறுநீரகத்தில் தழும்பை விட்டுப் போகலாம். அந்தத் தழும்பு மறையாது, வலிக்கவும் செய்யாது. பல வருடம் கழித்து, இளம் வயதிலேயே ரத்தக்கொதிப்பாக வரலாம். சிலருக்குச் சிறுநீரகமே செயலிழக்கும்.

"சின்னப் பிள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்பவர்களே, நீங்கள் மிச்சம் பிடிப்பது எதை? ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீர் எடுத்து கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு எப்படி எடுப்பது என்பது மருத்துவமனையில் தெரியும். முடிவு வர ஓரிரு நாள் ஆகும். அதுவரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம், மாதிரி எடுத்ததும் டாக்டர் தொடங்கிவிடுவார். ஒரு பிள்ளைக்கு ரிஃப்ளக்ஸ் என்று தெரிந்தால், கூடப் பிறந்தவர்களைப் பற்றியும் கேளுங்கள். குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது.

இன்னும் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்டர்வெல்லில் போ" என்று பிள்ளையை உட்கார வைப்பது ஒழுக்கம் அல்ல. சிறுநீரை அடக்குவதும் மலச்சிக்கலும் தொற்றுக்கு வழிவிடும். தண்ணீர் இல்லாத கழிப்பறையைப் பூட்டிவைத்துவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி பேசாதீர்கள்.

லைக் போடுவது இருக்கட்டும். முதலில் அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய சிரப் பாட்டிலை எடுத்து வெளியே போடுங்கள்.