'டொக்... டொக்...' மாமாவின் டில்லர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்!

பட்டுக்கோட்டையிலிருந்து மாமா அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜில் 40 விநாடி வெறும் பவர் டில்லர் சத்தம். பின்னாலேயே போன் வந்தது. "மாப்ள, இது என்ன சத்தம்னு மெட்ராஸ்ல யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு."

மந்தைவெளி ஃபிளாட்டில் உட்கார்ந்து செய்தி டைப் செய்கிறவனுக்கு டில்லரைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் கேட்டது மாமாவாயிற்றே. 2018 கஜா புயலில் அவர் தென்னந்தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது. மறுபடி கன்று வைத்து, நடுவே உளுந்து விதைத்துத்தான் நிமிர்ந்தார்கள். கன்று வரிசைக்குள் பெரிய டிராக்டர் புகாது என்று செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான் அந்த டில்லர். உளுந்து விதைக்க இன்னும் பத்தே நாள்.

தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் ஆடியோவைப் போட்டுக் காட்டினேன். சும்மா ஓடும்போது சன்னமாகவும், மண்ணைக் கடித்ததும் கனமாகவும் 'டொக் டொக்'. "முதல்ல இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

கனெக்டிங் ராடும் கிராங்க் ஷாஃப்டும் சேரும் இடத்தில் இருப்பது சைக்கிள் சக்கரத்தில் பார்க்கும் குண்டு பேரிங் இல்லை. இரண்டு அரைவட்டத் தகடுகள். மெக்கானிக்குகள் 'மெட்டல்' என்பார்கள். எஃகு முதுகின்மேல் மென்மையான உலோகப் பூச்சு. வெள்ளீயம் கலந்த இந்த மாதிரி மென்கலவையை 1839-லேயே அமெரிக்காவில் ஐசக் பாபிட் உருவாக்கிவிட்டார். கிராங்க் தேயக் கூடாது, தேய்ந்தால் மெட்டல் தேயட்டும் என்பதுதான் கணக்கு. சொல்லப்போனால் ஓடும்போது இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. நடுவே ஆயில் படலம் தாங்குகிறது. அந்த இடைவெளி ஒரு தலைமுடி தடிமனைவிடக் குறைவு. அது கூடிவிட்டால் ஆயில் நிற்காமல் வழிந்துவிடும், ராடு அடிக்க ஆரம்பிக்கும். பூச்சு போனபின் கடினமான தகடு கிராங்க்கையே கீறும். சின்ன செலவு பெரிய செலவாவது அங்கேதான்.

மாமா சத்தம் கேட்டு இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறார். "டீசல் இன்ஜின்னா சத்தம் இருக்கத்தானே மாப்ள செய்யும்!"

ஆயிலை வெள்ளைத் துணியில் வடிக்கச் சொன்னோம். ஜிகினா மாதிரி மின்னியது. காந்தம் வைத்தால் பாதி ஒட்டவில்லை. ஒட்டாதது மெட்டலின் பூச்சு, ஒட்டியது எஃகுத் துகள். அடுத்து மூடியைக் கழற்றி ராடை அசைத்துப் பார்த்தார்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், தப்பில்லை. மேலும் கீழும் ஆடவே கூடாது. ஆடியது.

ஊரில் ஒருவர் கிராங்க்கையே மாற்றணும் என்றிருக்கிறார். மாமா அவசரத்தில் ஸ்டாண்டர்டு சைஸ் மெட்டலையும் வாங்கி வைத்துவிட்டார். அளக்காமலே! கிராங்க் கோணிப்பையில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஹாலில் அதைப் பார்த்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "தரையில ஆயில் ஒழுகுமா?"

ஜி.பி. ரோடு பக்கம் கிரைண்டிங் பட்டறையில் மைக்ரோமீட்டரால் இரண்டு திசையிலும் அளந்தார்கள். வட்டம் லேசாக முட்டையாகியிருந்தது. 0.25 மி.மீ. கடைந்தால் போதும், அதே அளவு அண்டர்சைஸ் மெட்டல் போடலாம் என்றார்கள். புதுக் கிராங்க் தேவைப்படவில்லை. கடைந்த பின் ஆயில் துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார்கள். உள்ளே துகள் தங்கினால் புது மெட்டலும் போய்விடுமாம்.

சிலர் பழைய மெட்டலுக்குப் பின்னால் தகரம் செருகியோ, ராடு மூடியை அரம் போட்டுத் தேய்த்தோ சத்தத்தை அடக்குவார்கள். செய்துவிடாதீர்கள்; துளை வட்டமே கெட்டுவிடும்.

புது மெட்டலும் கிராங்க்கும் ஊருக்குப் போயாச்சு. பூட்டும் முன், ஏன் தேய்ந்தது என்று தேடச் சொன்னேன். ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. உழும்போது கிளம்பும் புழுதி நேராக உள்ளே. ஆயிலை மாற்றாமல், குறையக் குறைய ஊற்றியே ஓட்டியிருக்கிறார் மாமா. கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

போன வாரம் மறுபடி வாய்ஸ் மெசேஜ். பயந்துகொண்டேதான் திறந்தேன். இன்ஜின் சீராக ஓடுகிறது. பின்னணியில் அத்தை, "போதும் நிறுத்துங்க, சாப்பிட வாங்க" என்று கத்துவதும் தெளிவாகக் கேட்டது.