தலையில் ஒரு சாய்கோடு

எங்கள் பெரியத்தையின் டிரங்குப் பெட்டியில் அவருடைய அப்பாவின் பிறப்புச் சான்று இருக்கிறது. புதுச்சேரியின் எத்தா சிவில் என்ற குடிமைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய பிரெஞ்சு நகல். மடிப்பெல்லாம் விட்டுப்போய், மை பழுப்பேறிவிட்டது. ஆனாலும் அதை எழுதிய குமாஸ்தாவின் கையெழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். பெயர் முடிகிற இடத்தில் பி, ஓ, யூ, இரண்டு எல், ஒரு ஈ. அந்த ஈயின் தலைக்கு மேல் வலப்பக்கம் ஏறும் சின்னக் கோடு ஒன்று. ஒரு முனை தடித்து, மறுமுனை மெலிந்து.

பிள்ளை என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

போன மாதம் இந்தத் தாளைக் காட்டி வேறொரு சான்றுக்கு மனுப் போட்டோம். கணினியில் ஏற்றியபோது கோடு போய்விட்டது. கவுன்ட்டரில் இருந்த இளைஞர், “பவுல்லே... பவுல்லே யாருங்க?” என்று மூன்று முறை கூப்பிட்டார். அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூப்பிடுவது தன் தகப்பன் பெயரை என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. கூப்பிட்டவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த தாளில் கோடு இல்லையே.

பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் வரும் வெறும் ஈ பெரும்பாலும் ஊமை. கோடு இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் ‘புல்’ என்று நிறுத்திவிடுவார். கோடு விழுந்தால்தான் அதற்கு உயிர் வரும். வாயை அதிகம் திறக்காமல் சொல்லும் எகரம் ஆகும். இந்தக் கோட்டுக்கு அக்சான் எகுய் என்று பெயர். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அக்சான் கிராவ். அதற்கு வாயை இன்னும் திறக்க வேண்டும். யூ என்ற எழுத்தைத் தனியே எழுதினால், இகரம் சொல்வது போல் நாக்கை வைத்து உதட்டை மட்டும் குவிக்கும் வேறோர் ஒலி பிறக்கும். நம் உகரம் வேண்டுமென்றால் ஓவையும் யூவையும் சேர்த்து எழுதியாக வேண்டும். புதுச்சேரிப் பெயர்களில் எங்கு பார்த்தாலும் அந்த ஜோடி நிற்பது இதனால்தான். ஆங்கிலப் பழக்கத்தில் அதைப் படித்தால் ‘அவு’ வரும். முத்து என்பவர் மவுட்டவு ஆகிவிடுவார்.

ஆக, குமாஸ்தா எழுதியதைச் சரியாகப் படித்தால் ‘புள்ளெ’ என்று வருகிறது. நம் வீடுகளில் வாயில் வருவதும் அதுதானே? பகரத்தை அடுத்த இகரம், ளகரத்துக்கு முன்னால் உகரமாகத் திரிவது பேச்சு வழக்கு. இலக்கணம் படித்தவர்கள் ஐகாரக் குறுக்கத்தை மறந்திருக்க மாட்டார்கள். சொல்லின் கடைசியில் வரும் ஐ, இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகக் குறையும். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்ததை, இலக்கணம் அறியாத ஒரு காது கேட்டு, கோடாகப் போட்டு வைத்திருக்கிறது. திருபுவனை என்ற ஊரையும் பிரெஞ்சு ஆட்சியில் இதே கோடு போட்டு ‘திருபுவனெ’ என்றுதான் எழுதினார்கள். முதலியாருக்கு முதலெழுத்தில் ஓ போட்டார்கள். வாயில் வருவது மொதலியார் அல்லவா.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்தவரும், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரும் இப்படித்தான். அந்த நாட்குறிப்பின் சில பகுதிகளை ழூலியன் வென்சோன் 1894-இல் பாரிசில் வெளியிட்டபோது, புத்தகத்தின் தலைப்பிலேயே ‘ஆனந்தரங்கப்புள்ளெ’ என்று ஒலிக்கும்படி, கோட்டோடு அச்சிட்டார். பிள்ளைவாளின் தமிழும் பேச்சை ஒட்டிய தமிழ். பொருத்தமான எழுத்துக்கூட்டல்தான்.

தமிழில் இப்படித் தலையில் கோடு போட வேண்டியிருக்கவில்லை. நமக்குக் காலும் கொம்பும் சுழியும் உண்டு. பிரெஞ்சுக் குறி வாய் எவ்வளவு திறக்கிறது என்று சொல்கிறது. நம் எழுத்து ஒலி எவ்வளவு நேரம் நீள்கிறது என்று அளக்கிறது. மாஹே என்ற ஊர்ப்பெயரின் கடைசியில் இருப்பதும் அதே கோட்டு ஈதான். பிரெஞ்சுக்காரர் அதைக் குறுகலாக வெட்டிச் சொல்வார். நாம் ஏகாரமாக நீட்டுகிறோம்.

அந்த நெடிலையும் குறிலையும் பிரித்துக் காட்டுவதில் நாமும் சிரமப்பட்டிருக்கிறோம். தொல்காப்பியக் காலத்து முறையில் எகரம், ஒகரம் குறில் என்றால் மேலே புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும், எழுதுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி பாதிரியார், நம் வீரமாமுனிவர், நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். எகரத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏகாரம். ஒற்றைக் கொம்பு குறிலுக்கு, இரட்டைக் கொம்பு நெடிலுக்கு. இன்றைக்கு ‘மேலே’ என்று நாம் தடுமாறாமல் படிப்பது அவர் புண்ணியம். பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. பேச்சுக்குக் காது கொடுத்தவர் கையால்தான் எழுத்தும் திருந்தியது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

தலைக்கோட்டின் வேலை ஊருக்கு ஊர் மாறும். புதுச்சேரியிலிருந்து சைகோனுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் பல. அங்கே எழுதுவதும் லத்தீன் எழுத்துதான், ஆனால் குறிகளின் வேலை வேறு. வியட்நாம் என்று அவர்கள் எழுதும்போது உள்ளே வரும் ஈயின் தலையில் கூரை போல ஒரு குறி, காலடியில் ஒரு புள்ளி. கூரை வாயின் திறப்பைக் குறிக்கும், புள்ளி குரலின் இறக்கத்தை. அதே கூரை பிரெஞ்சு ஈயின் மேல் வந்தால் வாயைத் திறக்கச் சொல்லும். வியட்நாமில் குறுக்கச் சொல்லும். நம் சாய்கோடோ ஹங்கேரியில் நெடிலுக்கு அடையாளம், ஸ்பெயினில் அழுத்தத்துக்கு.

கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரியில் எழுத்து என்றால் ஏ முதல் இசட் வரைதான் உண்டு, தலைக்கோட்டுக்கு இடமில்லை. அது இயந்திரத்துக்காக. மனிதர் கண்ணுக்கென்று எழுதும் சான்றில் ஏன் விட வேண்டும்? பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறவர்களை மன்றாடிக் கேட்கிறேன், அது மைத்துளி அல்ல, பேரின் பாதி.

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தைக்கு அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். கடைசி எழுத்தைக் கோட்டோடு சொன்னதும் நிமிர்ந்தார். “ஆமாப்பா, எங்கப்பாவ கடத்தெருவுல எல்லாரும் புள்ளெ, புள்ளென்னுதான் கூப்புடுவாங்க” என்றார்.

திருத்தம் கேட்டு மனு எழுதிவிட்டேன். அச்சான பெயரில் ஈயின் தலைமேல் நீல மையில் அந்தக் கோட்டை நானே போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.