தோட்டாவுக்கு முகவரி கூடாதாம்!

துப்பாக்கி வைத்திருப்பது எங்கள் பிறப்புரிமை, அதிலே கைவைக்க அரசு யார் என்று முழங்குகிறது அமெரிக்க நாட்டிலே ஒரு பெருங்கூட்டம். 1791-லே அரசமைப்பில் ஏறிய இரண்டாவது திருத்தத்தை எடுத்து நீட்டுகிறார்கள். துப்பாக்கியைக் கணக்கெடுக்காதே! தோட்டாவிலே குறி பொறிக்காதே! இன்று பட்டியல் எழுதுபவன் நாளை பறிக்க வருவான்! இதுதான் அவர்கள் வாதம்.

எள்ளி நகையாடி ஒதுக்கிவிடலாமா இதை? கூடாது, தோழர்களே! ஆளவந்தாரை ஐயுறுவது குடிமக்களின் கடமைகளிலே ஒன்று. ஆனால், அந்த நாட்டிலே அரசை ஐயுற அதிகக் காரணம் உள்ளவர்கள் யார்? கருப்பர்கள் அல்லவா? அவர்கள் துப்பாக்கி கேட்டபோது நடந்தது என்ன?

1956 ஜனவரி. மாண்ட்கோமரி நகரிலே பேருந்துப் புறக்கணிப்பை நடத்திக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டிலே வெடிகுண்டு வீசினர். உள்ளே மனைவி, கைக்குழந்தை. துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டார் கிங். மறுத்தார்கள்! 1967-லே கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியுடன் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நுழைந்தனர். அன்றைய சட்டப்படி ஏந்திச் செல்வது குற்றமுமல்ல. அந்த ஆண்டே தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் வீதியிலே நடப்பதைத் தடைசெய்யும் சட்டத்திலே கையொப்பமிட்டார் ஆளுநர் ரீகன். துப்பாக்கி உரிமைக்குக் காவலர் என்று கூறிக்கொள்ளும் தேசிய ரைஃபிள் சங்கம் அதற்குத் துணைநின்றது! பிறப்புரிமைக்கும் நிறம் உண்டு போலும்.

1968 ஏப்ரல் 4. மெம்பிஸ் நகரிலே கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகாரன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். அதிலிருந்த எண்ணைப் பிடித்து, பர்மிங்ஹாம் நகரத்துக் கடை வரையிலே போனார்கள் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர். ஏட்டிலே இருந்தது பொய்ப்பெயர். ஆனாலும் நூல் கிடைத்தது, கைரேகையும் சேர்ந்தது, ஜூன் மாதம் லண்டனிலே பிடிபட்டான் ஜேம்ஸ் எர்ல் ரே.

இந்தத் துறை எது தெரியுமா? கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட துறை! 1964-லே அவருக்குப் பெயரில்லா மிரட்டல் கடிதம் அனுப்பிய துறை! நம்பத் தகாத துறைதான். அதைவிட நம்பத் தகாததாக எதைச் சொல்வது? ஆயினும் அவரைக் கொன்றவனைத் தேட அந்தக் கடை ஏடு வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு அக்டோபரிலே வந்த சட்டம் தோட்டா விற்பனையையும் ஏட்டிலே எழுதச் சொன்னது. 1986-லே அதை நீக்கினார்கள். நடுவண் அரசு துப்பாக்கிப் பதிவேடு தொகுக்கவும் தடை போட்டார்கள். 2007-லே கலிபோர்னியா புதுவழி கண்டது: புதிய கைத்துப்பாக்கியின் ஊசி, சுடும்போதே தோட்டாவின் பித்தளைக் கூட்டிலே நுண்குறி பதிக்கவேண்டும். முடியாது என்றனர் துப்பாக்கி செய்வோர். ஊசியை அரத்தால் தேய்த்தால் குறி போய்விடும் என்றனர். அதிலே உண்மை இல்லாமலில்லை. மேரிலாந்து மாநிலம் 2000 முதல் தோட்டாக் கூடுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்து, போதிய பயனில்லை என்று 2015-லே கைவிட்டது. கருவி பழுதென்றால் திருத்தட்டும். கொள்கையே கூடாது என்பதுதான் வேறு கதை.

ஏட்டைத் திறக்க நீதிபதியின் ஆணை வேண்டும், திறந்தவன் பெயரும் எழுதப்படவேண்டும், தவறாகத் திறந்தவனுக்குச் சிறை என்று கேட்டால் அது ஐயத்துக்கு அழகு. ஏடே வேண்டாம் என்றால்?

மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் நகருக்குச் சென்று பாருங்கள். மூடிய கடைகளின் ஏடுகள் பெட்டி பெட்டியாக அங்கே வருகின்றன. படமெடுத்துக் கணினியிலே ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் வாங்கியவன் பெயரைத் தட்டித் தேட வழி செய்யக்கூடாது, அதற்குத் தடை! எங்கோ ஒரு தாய் பிள்ளையின் பிணத்தருகே அமர்ந்திருக்கிறாள். இங்கே ஊழியர் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.