மூன்றடி மேசை

என் வேலை மேசையின் அகலம் மூன்றடி. சென்டிமீட்டரில் 91. இருபத்துநாலு அங்குல மானிட்டர் என்று கடையில் சொல்வது மூலைக்கு மூலை அளவு; அதன் அகலம் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர். இரண்டை ஒட்டி வைத்தால் 108. மூன்று வாரமாக இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எப்படிப் போட்டாலும் 17 சென்டிமீட்டர் உதைக்கிறது. மேசையைப் பெரிதாக்கலாம் என்றால், ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் மகளின் கட்டில். தில்லி மயூர் விஹாரில் இந்த டிடிஏ (தில்லி வளர்ச்சி ஆணைய) வீட்டைக் கட்டியவர்கள், படுக்கையறைக்குள் ஒருநாள் அலுவலகம் வந்து உட்காரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

"லேப்டாப் இருக்கே, அது போதாதா?" என்கிறார் என் கணவர். போதாது. நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், வங்கிப் படிவம், காப்பீட்டு விதிகள். ஆங்கில மூலம் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், தமிழ் இன்னொரு பக்கம். நடுவில் கலைச்சொல் பட்டியல் வேறு. பதினாலு அங்குலத் திரையில் இவற்றை மாற்றி மாற்றித் திறக்கும்போது கண் வரியைத் தொலைக்கிறது. மருந்துத் தாளில் ஒரு வரி விட்டுப்போனால், "சாப்பாட்டுக்கு முன்" என்பது எங்கோ ஒரு நோயாளிக்குத் தெரியாமலே போகும். அந்தப் பயத்தில் ஒரே பக்கத்தை மூன்று முறை சரிபார்க்கிறேன். இரண்டாவது திரையை நான் ஆடம்பரத்துக்காகக் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தோம். கொஞ்ச நாளைக்குத்தானே என்று பொறுத்துக்கொண்டோம். இப்போது தில்லியில் ஆண்டுதோறும் நவம்பரில் காற்று கெட்டுப்போகிறது. 2024 நவம்பரில் மாசுக் கட்டுப்பாட்டின் நான்காம் கட்டம் அமலுக்கு வந்தபோது, அரசு ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். 2025 நவம்பரில் தனியார் அலுவலகங்களுக்கும் அந்த உத்தரவு வந்தது. உத்தரவு சரிதான், அந்தப் புகையில் யாரும் வெளியே போகக்கூடாது. ஆனால் வேலையை வீட்டுக்கு அனுப்பிய என் அலுவலகம், அதைச் செய்ய மேசை இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலுவலகத்தில் என் இருக்கையில் இரண்டு மானிட்டர் இருக்கின்றன. நான் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அவை அங்கே சும்மா கிடக்கின்றன. எடுத்துப்போக அனுமதி இல்லை.

சரி, நாமே வாங்குவோம் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். மெட்ரோ நீல வழித்தடத்தில் ஏறி மண்டி ஹவுஸில் மாறி, கணினிக் கடைகள் நிறைந்த நேரு பிளேஸ். நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் விலை சொன்னார்கள், தள்ளுபடி சொன்னார்கள். மேசை எத்தனை அடி, லேப்டாப்பில் என்ன போர்ட் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் சி-டைப் போர்ட்டில் சார்ஜ் ஏறும், படம் வராது. ஒரே மாதிரி ஓட்டைதான். ஒரு லேப்டாப்பில் படம் வரும், இன்னொன்றில் வராது. யுஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் அடாப்டர் இருக்கிறது. அதற்கு டிரைவர் நிறுவ வேண்டும். இது அலுவலகம் தந்த லேப்டாப், இதில் எதையும் நிறுவ எனக்கு உரிமை இல்லை. அனுமதி கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

இரண்டுக்குப் பதில் ஒரே பெரிய திரை வாங்கலாம் என்றும் யோசித்தேன். முப்பத்துநாலு அங்குல அகலத்திரை சுமார் 80 சென்டிமீட்டர், மேசைக்குள் அடங்கும். முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. ஆனாலும் நான் பார்த்த விலையில் இரண்டு சின்ன மானிட்டரே வாங்கிவிடலாம். மகள் பத்தாம் வகுப்பு. டியூஷன் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் இது.

கழுத்தையும் நினைக்க வேண்டியிருக்கிறது. ஒரே அளவில் இரண்டு திரையை நேர் எதிரே வைத்தால், இரண்டும் சேரும் விளிம்புதான் மூக்குக்கு எதிரே வரும். நாள் முழுக்கத் தலை ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். அதிகம் பார்ப்பதை நடுவிலும், மற்றதைச் சற்றே சாய்த்துப் பக்கத்திலும் வைக்க வேண்டும். மேல் விளிம்பு கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்கிறார் கண் மருத்துவர். என் அறை பத்தடிக்கு ஒன்பதடி. ஜன்னலில் மங்கல் கண்ணாடி. நவம்பரில் அதைத் திறக்கவும் முடியாது. இருபதடியை நான் எங்கே போய்த் தேடுவது?

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இருபத்துநாலு அங்குலத்தில் ஒன்றே ஒன்று, எனக்கு நேர் எதிரே. பக்கத்தில் லேப்டாப்பை ஸ்டாண்டில் கண் மட்டத்துக்கு உயர்த்தி, மூலத்தை அதில் திறந்துகொள்வது. 54-உம் 32-உம் 86, மூன்றடிக்குள் அடங்குகிறது. கீபோர்டும் மவுஸும் தனியாக. கரண்டைப் பற்றிக் கவலையில்லை, ஒன்பது மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஆறு யூனிட்டைத் தாண்டாது. இரண்டு பிரதியை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உங்களுக்கும் இருந்தால் இரண்டாவது திரை அவசியம்தான். மெயிலும் மீட்டிங்கும் மட்டும் என்றால் நல்லதாக ஒன்று போதும். எதை வாங்கினாலும் முதலில் மேசையை அளந்துவிடுங்கள், போர்ட்டைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

அலுவலகங்களை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. வீட்டிலிருந்து வேலை செய் என்று சொல்லும் அதே கடிதத்தில், உனக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள். அடுத்த நவம்பரிலும் காற்று கெடும், நாங்களும் வீட்டில்தான் உட்காருவோம். அதற்குள் அங்கே சும்மா கிடக்கும் மானிட்டர்களை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.