நானூத்திப் பத்து மோகம்

இங்கே அமெரிக்காவுல வான்கோழி வேட்டைன்னா இப்போ ஆளாளுக்கு .410 ஷாட்கன்னைத் தூக்கிட்டு அலையறாங்க. எடை கம்மி, தோள்ல உதைக்காது.. சரிதான். ஆனா "40 கஜத்துலயும் விழும்"னு அளக்கறவங்க பாதிக் கதையைத்தான் சொல்றாங்க.

வேலை செய்யறது துப்பாக்கி இல்லீங்க, தோட்டாவுக்குள்ள இருக்கிற டங்ஸ்டன் ரவை. கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11 கிராம் சொச்சம், இது 18. அதனால 9-ஆம் நம்பர் பொடி ரவைகூட ஆழமா இறங்குது. விலையோ யானை விலை! அதை வாங்கிட்டு, காகிதத்துல ஒண்ணு சுட்டுப் பார்க்க மனசு வராம நேரா காட்டுக்குப் போறாங்க பாருங்க, அங்கேதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. வான்கோழிக்குத் தலையும் கழுத்தும்தான் குறி. அது தப்பி, உடம்புல ரெண்டு ரவை வாங்கின சேவல் புதருக்குள்ள ஓடிக் கிடந்து சாகும். (அதை எவரும் போட்டோ எடுத்துப் போடறதில்லை.)

என் ஓட்டு 20 கேஜுக்குத்தான். குழல் விட்டம் 0.615 அங்குலம், .410-ஐப்போல ஒன்றரை மடங்கு. ரவையும் கூடுதலாப் பிடிக்கும். ஈயத்துக்குத் தடையில்லாத மாநிலம்னா (கலிபோர்னியாவுல 2019லேர்ந்து கூடாது) சாதா தோட்டாவே 30 கஜத்துக்குப் போதும். 28 கேஜா? தோட்டா தேடியே சீசன் முடிஞ்சிடும்.

பொடியனுக்கு .410 கொடுக்கணும்னா தாராளமாக் கொடுங்க. ஈயத் தோட்டான்னா 20 கஜத்தைத் தாண்டி விசையில விரல் வைக்காதேன்னு சொல்லிக் கொடுங்க.