படத்திலும் நாணயம் வேண்டும்

வாணிபத்துக்குப் பணம் எத்துணை இன்றியமையாததோ, நாணயமும் அத்துணை இன்றியமையாதது. அதிலும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரால் விற்பனையாகும் சரக்குக்கு நாணயமே முதல் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முன்னாளில் மதுரை மாசி வீதிக் கடைகளில் சேலையை விரித்து, முன்புறமும் பின்புறமும் தடவிப் பார்த்த பின்னரே வாங்குவோர் விலை பேசினர். இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு செல்பேசித் திரையில் படத்தைப் பார்த்தே வாங்குவோர் பலர். கைக்குத் துணி எட்டாதபோது, படம் ஒன்றே விற்பவர் தரும் வாக்குறுதி ஆகிறது.

இந்நிலையில் செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகள் வந்திருக்கின்றன. வேண்டியதை இரண்டு வரியில் எழுதினால், சில நொடிகளில் படம் கிடைக்கிறது. சேலை உடுத்த பெண், பின்னே கோயில் மண்டபம், மாலை வெயில், அனைத்தும் அமைந்துவிடுகின்றன. புகைப்படக்காரருக்கும், உடுத்திக் காட்டுவோருக்கும், விளக்கு வசதிக்கும் செலவிடப் பெருங்கடைகளால் இயலும். சிறு சங்கங்களால் இயலுமா? ஆகவே இக்கருவியை அடியோடு வெறுத்து ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் அதை எவ்வளவுக்குப் பயன்படுத்துவது என்பதில் நாம் தெளிவு கொள்ளவேண்டும்.

மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்வோம். துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சுகளை அவிழ்ப்பதால் பிறப்பது அதன் புள்ளி. கையால் கட்டியமையால் ஒரு புள்ளி போல் மறுபுள்ளி இராது. ஒன்று சற்றே நீளும், ஒன்று சற்றே ஒதுங்கும். அந்த ஒழுங்கின்மைதான் கைவேலைக்கு அத்தாட்சி. படக் கருவியோ எண்ணிறந்த படங்களைப் பார்த்துப் பழகியது. பெரும்பான்மையாகக் கண்டதையே திரும்ப வரைவது அதன் இயல்பு. சுங்குடி என்று கேட்டால் குஜராத்துப் பந்தனியின் சாயலைப் புகுத்தலாம். அச்சிட்டாற்போல் புள்ளிகளை வரிசைப்படுத்தலாம். கரையின் அகலத்தை மாற்றலாம். நாம் நெய்யாத முந்தியை வரைந்து தரலாம். படம் அழகாயிருக்கும், ஆனால் அந்தச் சேலை உலகில் எங்கும் இராது.

பூ விளைவிப்போருக்கும் இதே ஆபத்து உண்டு. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் விடியற்காலையில் பறித்து மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு வருவது அரும்பு. அது மாலையில் விரியவேண்டும் என்பதே வாங்குவோர் விருப்பம். கருவி வரைந்த படத்தில் மல்லிகை முழுதும் மலர்ந்து நின்றால், அறிந்தவர் நகைப்பர், அறியாதவர் ஏமாறுவர். பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது பழமொழி. விளம்பரம் செய்யத் துணிந்தால், அது நம் பூவாக இருத்தல் வேண்டும்.

இதனால் இலாபம் அடைபவர் யார் என்பதையும் சிந்திக்கவேண்டும். அச்சுப் புள்ளித் துணியைக் கைக்கட்டுச் சுங்குடி என்று காட்ட எண்ணுவோருக்கு இக்கருவி பெரிய துணை. மதுரைச் சுங்குடி 2005-ஆம் ஆண்டிலும், மதுரை மல்லி 2013-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. அரிதில் கிடைத்த அந்தப் பெயரின் மதிப்பு, உண்மைப் பொருளுக்கும் போலிக்கும் வேறுபாடு தெரியும்வரைதான் நிற்கும். நாமே பொய்ப் படத்தை வெளியிட்டால், போலிக்காரரை நோக்கி விரல் நீட்ட நமக்கு உரிமை ஏது? வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முடிச்சுக் கட்டும் பெண்களின் கூலியல்லவா அதனால் குறையும்?

சட்டமும் வாளாவிருக்கவில்லை. விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லையெனில் அதைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாதென 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. திரும்பி வரும் ஒவ்வொரு சேலையும் சங்கத்துக்கு நட்டக் கணக்கே. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வெளிநாட்டார் அனுபவமும் நமக்குப் பாடமாகும். 2023-இல் லீவைஸ் நிறுவனம் கணினி படைத்த உருவங்களுக்குத் தன் ஆடைகளை அணிவித்துச் சோதிக்கப் போவதாக அறிவித்துக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2024-இல் ஸ்பெயின் தேசத்து மேங்கோ நிறுவனம் இளைஞருக்கான ஆடை விளம்பரத்தை இக்கருவியால் செய்தது. எனினும் உண்மை ஆடைகளை முதலில் புகைப்படம் எடுத்த பின்னரே மேல்வேலையில் இறங்கியது. அத்துணைப் பெரிய நிறுவனமே துணியைக் கற்பனைக்கு விட்டுவிடவில்லை.

ஆகவே நம் சங்கங்கள் சில கட்டுப்பாடுகளை ஏற்பது நலம். துணியும் பூவும் மெய்யான புகைப்படமாகவே இருக்கவேண்டும். கருவியின் வேலை பின்னணியை அமைப்பதோடு நிற்கவேண்டும். பின்னணி மாற்றிய படத்தையும் அசல் துணியோடு வைத்து, கரை, முந்தி, புள்ளி, நிறம் ஆகியவற்றை நெசவு அறிந்த ஒருவர் ஒப்பிட்டு ஒப்பம் இடவேண்டும். பின்னணியை மட்டும் மாற்றச் சொன்னாலும் புள்ளியையும் சேர்த்துத் திருத்திவிடுவது இக்கருவிகளின் வழக்கம். துணியின் பின்புறம், முடிச்சு அவிழ்க்குமுன் உள்ள நிலை, ஒரு புள்ளியின் அண்மைத் தோற்றம் ஆகிய மூன்று படங்களைக் கருவி தீண்டாமல் உடன் வெளியிடவேண்டும். பின்னணி கருவியால் அமைந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் எவரும் குறை கூறார்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வடக்கு வெளிச்சம் படும் ஓர் அறை, ஒரு வெள்ளைத் திரை, ஒரு நல்ல செல்பேசி போதும். தனித்தனியே இயலாத சங்கங்கள் நான்கைந்து சேர்ந்து பொது அறை ஒன்றை அமைத்து, அங்கத்தினர் வீட்டு இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி அளிக்கலாம். பலர் கூடிச் செய்தால் சுமை குறையும் என்பதற்காகவே அன்றோ கூட்டுறவு ஏற்பட்டது? அடுத்த பொதுக்குழுவிலேயே இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.